சொந்தப் போட்டில் பாசிக்குடாவுக்கு: தரகரின் ‘கடல் பாஸ்’ வேண்டுமா?

கேள்வி: நானும் மனைவியும் உப்புவெளியில் இருக்கிறோம். ஓய்வுபெற்ற கையோடு 23 அடி பைபர் போட் ஒன்றும், பழைய 40 குதிரைவலு இயந்திரம் ஒன்றும் வாங்கினோம். யூலையில் நாங்கள் இருவர் மட்டும் கரையோரமாகப் பாசிக்குடா போய் நாலைந்து நாள் நின்று திரும்பவும், பிறகு ஒருநாள் வடக்கே புறாமலைக்குப் போகவும் ஆசை. ‘கடல் பாஸ்’ இல்லாமல் போனால் நேவி பிடித்துவிடும், ஒன்றரை லட்சம் தந்தால் எல்லாவற்றையும் தானே முடித்துத் தருவேன் என்கிறார் போட்டை வாங்கித் தந்த தரகர். முன்பணமாக இருபதாயிரம் வாங்கிவிட்டார். மிச்சத்தைக் கொடுக்கலாமா? எண்ணெய் எவ்வளவு கொண்டுபோக வேண்டும்?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ‘பாஸ்’ எந்தத் திணைக்களத்தின் கடதாசி, எந்தச் சட்டத்தின் கீழ் வருவது என்று தரகரிடம் ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் உள்ளுக்குப் பேசி எடுக்கிறது” என்பார். உள்ளுக்குப் பேசி எடுக்கும் கடதாசியை நடுக்கடலில் கடற்படைச் சிப்பாய் ஒருவரிடம் நீட்ட முடியாது.

போர்க்காலத்தில் இந்தக் கரையில் வலை போடவே பாஸ் வேண்டியிருந்தது. எத்தனை மணிக்கு இறங்குவது, எத்தனை மணிக்கு ஏறுவது என்பதைக்கூட வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். போர் முடிந்தது 2009இல். ஆனால் அந்தப் பயம் இன்னும் சனத்தின் மனதில் கிடக்கிறது. உங்கள் தரகர் விற்பது அந்தப் பயத்தைத்தான்.

உங்களுக்கு வேண்டியது போட்டின் பதிவு, அதுவும் உங்கள் பெயரில். பழைய பைபர் போட் என்றால் பெரும்பாலும் மீன்பிடிப் படகாகத்தான் பதிந்திருக்கும். அதைப் பதிவது கடற்றொழில் திணைக்களம், சட்டம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். தரகர் உங்களிடம் தந்திருப்பது முதல் சொந்தக்காரரின் பதிவுப் பிரதி என்றால், சட்டத்தின் கண்ணில் அது இன்னும் அந்த மனிதரின் போட். திருகோணமலையிலுள்ள திணைக்கள அலுவலகத்தில் உரிமையை மாற்றுங்கள். நீங்கள் மீன் பிடிக்கப் போவதில்லை, உல்லாசமாகப் போகிறீர்கள் என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். உடனே அவர்கள் கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தைக் காட்டுவார்கள். அங்கே போனால் முதலில் மாவட்டத்தில் ஒரு கடிதம் எடுத்து வாருங்கள் என்பார்கள். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பாடப்புத்தகத்தில் படிப்பிக்கும் ஊரில், இரண்டு பேர் ஏறும் போட் ஒன்றுக்கு இப்படி அலைய வேண்டியிருக்கிறது. இந்த அலைச்சல்தான் தரகர்களின் வயலுக்குத் தண்ணீர். ஆனாலும் நீங்களே அலையுங்கள். ஒவ்வொரு தடவையும் கடிதத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கந்தோருக்குப் போகமுன் இயந்திரத்தைப் பாருங்கள். போட்டின் பின்பலகையில் பூட்டும் இரும்புச் சட்டத்தில் சின்னத் தகடு ஒன்றில் தொடர் இலக்கம் இருக்கும். அதை விற்பனைச் சீட்டிலுள்ள இலக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தகட்டைச் சுற்றிப் புதுப் பெயின்ற் பூசியிருந்தால், ஆணி மாற்றியிருந்தால், இலக்கத்தை அரம் போட்டிருந்தால் அந்த இயந்திரம் எங்கேயோ ஒரு மீனவர் வாடியிலிருந்து இரவில் கழற்றப்பட்டது என்று சந்தேகப்படுங்கள். களவுபோன இயந்திரத்தோடு பிடிபட்டால் தரகர் பக்கத்தில் நிற்கமாட்டார். இலக்கம் பொருந்தவில்லை என்றால் பாசிக்குடாவை மறந்துவிட்டுப் பொலிசுக்குப் போங்கள்.

இனி எண்ணெய். உப்புவெளியிலிருந்து சுவாமி மலையைச் சுற்றி, கொட்டியாறுக் குடாவின் வாயைக் கடந்து, பவுல் பொயின்ற் வெளிச்ச வீட்டைத் தாண்டி, வாகரை வழியாகப் பாசிக்குடா ஏறத்தாழ 45 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் நாலு மணித்தியாலம். அந்த வேகத்தில் உங்கள் இயந்திரம் மணிக்கு 12 லீற்றர் குடிக்கிறது என்று வைத்தால் 48 லீற்றர். அதில் பாதியை மேலே சேர்த்து 72 லீற்றருக்குக் குறையாமல் ஏற்றுங்கள். என் 12ஐ நம்பிப் போகாதீர்கள். தாங்கியை முட்ட நிரப்பி, சாமான்களோடு குடாவுக்குள் ஒரு மணித்தியாலம் ஓடி, மறுபடி முட்ட நிரப்பிப் பார்த்தால் உங்கள் கணக்கு உங்களுக்குத் தெரியும். திரும்பி வரும் எண்ணெயை வாழைச்சேனைப் பக்கத்து பெற்றோல் செட்டில் அடித்து ஓட்டோவில் கொண்டுவரலாம். கடற்கரையில் கானில் வைத்து விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். அதில் தண்ணீர் கலந்திருக்கும், மண்ணெண்ணெய் கலந்திருக்கும், அளவும் குறைந்திருக்கும். இயந்திரத்துக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் வடி ஒன்றைப் பூட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. யூலையில் இந்தக் கரையில் கச்சான் அடிக்கும். அது தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டுப்போல் கிடக்கும், ‘நல்ல நாள்’ என்று நினைத்து இறங்குவீர்கள். இரண்டு மைல் வெளியே போனால் வெள்ளை நுரை. வாடைக்காற்றில் இயந்திரம் நின்றால் அலை உங்களைக் கரைக்குத் தள்ளும், போட் உடைந்தாலும் கால் மண்ணில் படும். கச்சானில் நின்றால் வெளியே கொண்டுபோகும், அடுத்த கரை அந்தமான். திருகோணமலைக்கு முன்னால் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று குடாவுக்குள்ளேயே வருகிறது. அந்த இடத்தில் நங்கூரம் போட்டால் கயிறு முடிந்துவிடும், அடி வராது. ஆகவே குடாவின் வாயைக் காற்று எழும்ப முன்னர் தாண்டுங்கள். சீனக்குடா மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் வரும் கப்பல்களுக்கு வழிவிடுங்கள். பவுல் பொயின்றுக்குத் தெற்கே நங்கூரம் பிடிக்கும் ஆழத்தை விட்டு வெளியே போகாதீர்கள்.

அதற்காகக் கரையை ஒட்டியும் ஓடாதீர்கள். அது கரைவலைக் காலம். வலையை இழுக்கும் கயிறு கரையிலிருந்து வெகுதூரம் கடலுக்குள் போகும், மிதவைகள் அலைக்குள் மறையும். கரையில் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பதைக் கண்டால் வலையின் மடிக்கு வெளியாலே சுற்றிப் போங்கள். ஊடே போய்க் கயிற்றை அறுத்தால் ஒரு ஊரின் அன்றைய உழைப்பு போய்விடும். பிறகு அவர்கள் பேசுகிற பேச்சுக்கு நான் பொறுப்பில்லை.

புறப்படும் நேரம் காலை ஆறு மணி. வெயில் முகத்தில் அடிக்கும், பார்க்கல் (கடலடிப் பாறை) தண்ணீருக்குள் தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் ஆழத்தில் இருப்பீர்கள். பாசிக்குடாவின் வாய்க்குள் நுழையும்போது பதினொரு மணியாகி, சூரியன் தலைக்கு மேல் நிற்க வேண்டும். அப்போதுதான் பார் மண்ணிறமாகத் தெரியும். நம் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை. கல்லில் ஏறினால் பெருக்குத் தூக்கிவிடும் என்று காத்திருக்க முடியாது.

இருவர் மட்டும் போவதால் இன்னொன்று. இயந்திரத்தை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிறு எப்போதும் ஓட்டுகிறவரின் கையில் மாட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் இயந்திரம் நிற்கும். மற்றவருக்கு அதை மறுபடி இயக்கத் தெரிய வேண்டும். 40 குதிரைவலுவைக் கயிறு இழுத்து இயக்க உங்கள் மனைவிக்கோ உங்களுக்கோ தோள் ஒத்துழைக்காவிட்டால் பற்றரித் தொடக்கி பூட்டாமல் போகவே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து யாரும் கடலில் படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எப் வானொலி கொண்டுவந்து தந்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதி எடுத்த பிறகு பூட்டுங்கள். அலைவரிசை 16 ஆபத்துக்கு. உயிர்காப்பு அங்கியைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் உடம்பில் போடுங்கள்.

உட்துறைமுகம், கடற்படைத் தளமான டொக்யார்ட் பக்கம் போக வேண்டாம். அதற்கு விளக்கம் தேவையில்லை.

புறாமலை வேறு கதை, அதைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன். அது 2003 முதல் தேசியப் பூங்கா. தீவு மட்டுமல்ல, சுற்றியுள்ள பவளப்பாறைக் கடலும் சேர்த்துத்தான். வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு இல்லாமல் கால் வைக்க முடியாது. ‘சொந்தப் போட்தானே, கொஞ்சம் தள்ளி நங்கூரம் போடுவோம்’ என்று உங்கள் தரகர் சொல்லலாம். நங்கூரம் விழும் இடத்தில்தான் பவளம் இருக்கிறது. ஒரு இழுவையில் பல வருட வளர்ச்சி பொடியாகிவிடும். ஆகவே உங்கள் போட்டை உப்புவெளியிலேயே விட்டுவிட்டு, நிலாவெளிக்குத் தரைவழியாகப் போய், கவுன்ரரில் நீங்களே சீட்டு எடுத்து, அங்குள்ள படகோட்டிகளின் போட்டில் போங்கள். நிலாவெளிச் சந்தியில் மோட்டர் சைக்கிளில் வந்து மறித்து ‘சீட்டோடு போட்டும் சேர்த்து’ என்கிறவருக்கும் உங்கள் தரகருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

முன்பணம் கொடுத்த இருபதாயிரத்துக்கு ரசீது இருக்காது என்று நினைக்கிறேன். வாட்ஸப்பில் அவரிடம் இப்படி எழுதுங்கள்: “கடல் பாஸுக்கு முன்பணமாக நீங்கள் வாங்கிய 20,000 ரூபாயை எப்போது திருப்பித் தருவீர்கள்?” ‘வாங்கவில்லை’ என்று மறுக்காமல் அவர் பதில் போட்டால், பணம் வாங்கியது எழுத்தில் வந்துவிடும். அதை அச்சடித்து வைத்துக்கொண்டு பொலிசுக்குப் போவதா, மத்தியஸ்த சபைக்குப் போவதா என்று பிறகு தீர்மானிக்கலாம்.