உறுமியதை மறைத்துவிட்டேன்

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு வயது 31. கல்யாணமாகி ஏழு வருடங்கள் ஆகின்றன. இப்போது ஆறாவது மாதம். வீட்டில் நான், கணவர், மாமியார், அப்புறம் ஜிம்மி. ஜிம்மிக்கு ஆறு வயது. மழையில் நடுங்கிக் கிடந்த குட்டியை இவர்தான் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். ஆனால் அது ஒட்டிக்கொண்டது என்னிடம்.

மூன்று வருடம் முன்பு எனக்கு ஒரு கரு கலைந்தது. யார் வந்து ஆறுதல் சொன்னாலும் எனக்குள் இறங்கவில்லை. ஜிம்மி மட்டும் கட்டிலுக்கு அடியில் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தது. கையைத் தொங்கப்போட்டால் மூக்கைக் கொண்டுவந்து வைக்கும். அதை நான் யாருக்கும் விளக்க முடியாது.

இப்போது வீட்டில் தினமும் இதே பேச்சுதான். "பச்சைக் குழந்தை வர்ற வீட்டுல நாய் எதுக்கும்மா? யாருக்காவது குடுத்துடுங்க" என்கிறார் அத்தை. அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கால் வீங்கினால் ராத்திரி எழுந்து தைலம் தேய்ப்பவர். இவரோ அம்மா பேசும்போது அங்கே தலையாட்டுகிறார், நான் அழும்போது இங்கே.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். போன மாதம் நாத்தனார் தன் இரண்டு வயதுப் பையனோடு வந்திருந்தார். சோபாவுக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஜிம்மியின் காதைப் பையன் பிடித்து இழுத்தான். ஜிம்மி உறுமியது. கடிக்கவில்லை. பார்த்தது நான் மட்டும்தான். பையனைத் தூக்கிக்கொண்டேன். ஜிம்மியை வாழ்க்கையில் முதல்முறையாக அடித்தேன். யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. நாய்க்காக என் குழந்தையைப் பணயம் வைக்கிறேனா? பெறும் முன்னாலேயே நான் நல்ல அம்மா இல்லையா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஜிம்மி உறுமியது அல்ல, நீங்கள் அதை மறைத்தது.

உறுமல் என்பது நாயின் பேச்சு. "வலிக்கிறது, விடு" என்று சொல்ல அதற்குக் கிடைத்த நாகரிகமான வழி அதுதான். தூக்கத்தில் காதை இழுத்தால் நானும் நீங்களும்கூடக் கத்துவோம். உறுமியதற்கு அடி வாங்கும் நாய், அடுத்த முறை உறுமாமல் இருக்கப் பழகிவிடலாம். ஆனால் அதன் பயமோ வலியோ குறையாது, எச்சரிக்கை மட்டும்தான் போயிருக்கும். "திடீர்னு கடிச்சிடுச்சு" என்று சொல்லப்படும் சம்பவங்கள் பலவற்றில் நாய் அதற்கு முன்பே பலமுறை பேசியிருக்கும். அன்று பதறிப்போய் அடித்தீர்கள், புரிகிறது. அதை மனதில் போட்டு உழற்ற வேண்டாம். இனி அது உறுமினால் குழந்தையை விலக்குங்கள், ஏன் உறுமியது என்று பாருங்கள்.

உறுமலுக்கு முன்பே வேறு சைகைகள் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியில்லாமல் உதட்டை நக்கும். தூக்கமில்லாமல் கொட்டாவி விடும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பும், வெள்ளை விழி தெரியும். உடம்பு சட்டென்று விறைக்கும். விறைப்பைக் கண்ட நொடியே இரண்டு பேரையும் பிரித்துவிட வேண்டும். இதையெல்லாம் வீட்டில் மூன்று பேரும் படிக்கக் கற்க வேண்டும். நீங்கள் ஒருவர் மட்டும் ரகசியமாகக் காவல் காத்தால், பிரசவத்துக்குப் பின் அசந்து தூங்கும் நேரத்தில் யார் பார்ப்பார்கள்? அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சம்பவத்தைக் கணவரிடமும் அத்தையிடமும் சொல்லியே ஆக வேண்டும்.

சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்துக்குக் கீழே இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது. கரு கலைந்த நாட்களுக்கு உங்கள் பக்கத்தில் இருந்த ஒரே சாட்சி ஜிம்மி. அதை அனுப்புவது அந்த இழப்பை இரண்டாம் முறை அனுபவிப்பதுபோல் இருக்கும். ஒருமுறை கருவை இழந்தவர்களுக்கு அடுத்த கர்ப்பத்தில் பதற்றம் கூடுதலாக இருப்பது இயல்பு. அந்தப் பதற்றமும் சேர்ந்துதான் உங்களை ராத்திரி எழுப்புகிறது. எல்லாப் பழியையும் நாய் மேலோ உங்கள் மேலோ போடாதீர்கள். தூக்கமின்மை தொடர்ந்தால் உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி ஆக வேண்டிய காரியம். நான் மனநல ஆலோசகர், கால்நடை மருத்துவர் அல்ல. ஆகவே முதலில் ஜிம்மியை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் புண்ணோ வலியோ இருந்திருந்தால் அந்த உறுமலுக்கு அர்த்தமே வேறு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாம் நாள் தவறாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். (நாயால் கருவுக்கே ஆபத்து என்று யாராவது பயமுறுத்தியிருக்கலாம். கர்ப்பிணிகளுக்குச் சொல்லப்படும் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பற்றிய எச்சரிக்கை, வீட்டு விலங்குகளைப் பொறுத்தவரை, பூனையின் கழிவைப் பற்றியது. கேள்விப்பட்டவர்கள் அதை நாய்க்கும் சேர்த்துவிடுகிறார்கள்.)

உங்களிடம் மூன்று மாதம் இருக்கிறது, தாராளம். குழந்தை வந்த பிறகு என்னென்ன மாறுமோ அதையெல்லாம் இப்போதே மாற்றுங்கள். கட்டிலில் படுக்கக் கூடாது என்றால் இன்றிலிருந்தே கூடாது. உங்களோடு நடக்கும் நேரம் குறையும் என்றால் கணவர் இப்போதே அந்தச் சங்கிலியைக் கையில் எடுக்கட்டும். தலையாட்டுவதை விட அது உருப்படியான வேலை. குழந்தை வந்த அன்றே எல்லாம் மாறினால், அந்தப் புது வாசனையோடுதான் தன் கஷ்டத்தை அது முடிச்சுப் போடும். குழந்தை அழும் ஒலிப்பதிவை மிக மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, பிடித்த தீனியைக் கொடுங்கள். நாள் போகப் போகச் சத்தத்தைக் கூட்டலாம். காதை மடக்கினாலோ எழுந்து போனாலோ குறைத்துவிடுங்கள். அதற்கென ஒரு மூலை வேண்டும், யாரும் போய்த் தொந்தரவு செய்யாத மூலை. அறை வாசலில் ஒரு தடுப்புக் கதவும் போடுங்கள். மருத்துவமனையிலிருந்து குழந்தையின் துணியைக் கொண்டுவந்து முகரவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அதையே பெரிதாக நம்பிவிடாதீர்கள்.

நல்ல மனதோடு பலரும் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. குழந்தை விழித்திருக்கும்போது நாயை "போ, போ" என்று விரட்டுவது, தூங்கிய பிறகு பாவம் என்று கூப்பிட்டுக் கொஞ்சுவது. நாய் இதிலிருந்து என்ன கற்கும்? அந்தச் சின்ன உருவம் இருந்தால் எனக்குத் திட்டு, இல்லாவிட்டால் எனக்குக் கொண்டாட்டம். இதைத் தலைகீழாக்குங்கள். குழந்தை மடியில் இருக்கும்போதுதான் ஜிம்மிக்கு நல்ல வார்த்தை, தீனி, கணவர் கையால் ஒரு தடவல். குழந்தை தூங்கும்போது நீங்கள் எல்லோருமே சும்மா இருக்கலாம், உங்களுக்கும் ஓய்வு வேண்டாமா?

வீடு திரும்பும் நாளில் யாராவது ஜிம்மியை நன்றாக நடக்கவைத்துக் களைப்பாக்கிவிடட்டும். குழந்தையை வேறொருவர் வைத்திருக்க, நீங்கள் வெறுங்கையோடு முதலில் உள்ளே போங்கள். நாலைந்து நாள் காணாத ஆள் நீங்கள், அது துள்ளத்தான் செய்யும். துள்ளி அடங்கட்டும். பிறகு சங்கிலி தளர்வாக இருக்க, தூரத்திலிருந்து பார்க்கட்டும். குழந்தையை அதன் முகத்துக்கு அருகே நீட்டிப் படம் எடுக்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

அதற்குப் பிறகு ஒரே சட்டம்: பெரியவர் ஒருவரின் கண்ணும் கையும் எட்டாத இடத்தில் இருவரும் ஒரு நிமிடம்கூடச் சேர்ந்து இருக்கக் கூடாது. குளிக்கப் போனால் தடுப்புக் கதவைச் சாத்துங்கள். சிறு குழந்தைகளைக் கடிப்பது பெரும்பாலும் தெரிந்த நாய்தான், கடி விழுவது பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான். "எங்க ஜிம்மி அப்படியில்ல" என்ற வாக்கியத்தை இந்த ஒரு விஷயத்தில் மறந்துவிடுங்கள். மீறிக் கடியோ கீறலோ பட்டால், நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எல்லோரும் முதல் வாரத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்குக் குழந்தையின் ஏழாவது, எட்டாவது மாதம்தான் பயம். தவழத் தொடங்கும் குழந்தை நாயைத் தேடிப் போகும், காதைப் பிடிக்கும், தட்டில் கைவிடும். நாத்தனார் மகன் உங்களுக்குக் காட்டியது அந்த நாளைத்தான். அப்போது ஜிம்மி விலகிப் போக வழி இருக்கிறதா என்று இப்போதே வீட்டை அளந்து பாருங்கள்.

குழந்தையின் அழுகையைக் கேட்டு ஜிம்மி நடுங்கியபடி உற்றுப் பார்த்தாலோ, பதுங்கி நெருங்கினாலோ உடனே பிரித்துவைத்துவிட்டு, நாயின் நடத்தை அறிந்த மருத்துவரையோ பயிற்சியாளரையோ அழையுங்கள். அவர்கள் "இந்த வீட்டில் முடியாது" என்றால், அன்பாக வைத்துக்கொள்ளும் ஒரு வீட்டுக்குக் கொடுப்பது துரோகம் ஆகாது. அந்த நிலை வரும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு வழியையும் யோசிக்கத் துணிந்தால்தான் மற்றதை நிதானமாகப் பார்க்க முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அப்போது திகைக்காமல் இருக்க. பிரசவத்துக்குப் பின் தூக்கமில்லாத ஏதோ ஒரு பகலில் ஜிம்மியைப் பார்த்தாலே எரிச்சல் வரலாம். பல தாய்மார்களுக்கு வருகிறது, பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. ஆனால் சோர்வும் அழுகையும் இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

நல்ல அம்மாவா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சோபாவுக்குப் பின்னால் நீங்கள் முதலில் செய்தது பையனைத் தூக்கியது.

இன்று இரவு அத்தை தைலத்தோடு வந்து உட்காரும்போது சொல்லிவிடுங்கள். "ஜிம்மி உறுமுச்சு அத்தை, பயத்துல மறைச்சுட்டேன். என்ன செய்யணும்னு சேர்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தடுப்புக் கதவை எங்கே மாட்டுவது என்பதை அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள்.