அடக்கினால் அது எங்கே போகும்?

கேள்வி: அலுவலகக் கழிவறையில் மலம் கழிக்கக் கூச்சம். சத்தம் வெளியே கேட்குமோ என்று வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்கிறேன். இப்போது மூன்று நாளைக்கு ஒருமுறைதான் போகிறது, அதுவும் முக்கி முக்கி. குடலைச் சுத்தம் செய்யும் பவுடர் வாங்கலாமா?

வாங்காதீர்கள். குடலில் வருடக்கணக்காகக் கசடு ஒட்டியிருக்கிறது என்பது விற்பவர்கள் கட்டிய கதை. குடலின் உட்பூச்சு சில நாட்களிலேயே உதிர்ந்து புதிதாக வளர்ந்துவிடும், அதில் எது போய் ஒட்டும்? சில பவுடர்களில் இசப்கோலும் களிமண்ணும் இருக்கும், இரண்டும் ஊறி ரப்பர் கயிறு மாதிரி வெளியே வரும். அதையே படம் பிடித்துப் போட்டு ‘பாருங்கள் பழைய கசடு’ என்கிறார்கள்! நீங்கள் காசு கொடுத்து விழுங்கியதுதான் ஐயா அது. குழாய் வைத்துக் குடலைக் கழுவுகிற இடங்கள் பக்கமே போகாதீர்கள், குடல் கிழிந்தவர்கள் உண்டு.

உங்கள் சிக்கல் கூச்சம்தான். உந்துதலை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிடும், ஆனால் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் மலம் இறுகும், முக்க வேண்டிவரும், வலிக்கும், அந்தப் பயத்தில் இன்னும் அடக்குவீர்கள். நாளைக்கு மூன்று முறையிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பு. கணக்கை விடுங்கள், முக்குவதை நிறுத்துங்கள். சாப்பிட்டதும் பெருங்குடல் அசையும், காலையில் அது நன்றாகவே தெரியும், அந்த நேரத்தில் வீட்டிலேயே பத்து நிமிடம் உட்காருங்கள். மேலைநாட்டுக் கோப்பை என்றால் காலுக்கு ஒரு முக்காலி. அலுவலகத்தில் முதலில் கொஞ்சம் டிஷ்யூ பேப்பரைக் கோப்பையில் போட்டுவிட்டால் சத்தம் குறையும். கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுகிறவர்களை என்ன சொல்வது!

ஒன்றை மட்டும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகும், அதற்குப் பயம் வேண்டாம். ஆனால் தார் மாதிரிப் பிசுபிசுப்பாக, வழக்கத்தில் இல்லாத நாற்றத்தோடு கறுப்பாகப் போனால் வயிற்றில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தாலும் சரி, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அருவருப்பில் திரும்பிப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றிவிடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

எங்கள் மருத்துவமனை ஆட்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இருபது பேர் நடுவில் ‘மோஷன் எப்படி?’ என்று கத்திக் கேட்டால் எவரும் ‘நார்மல்’ என்றுதான் சொல்வார், அதையே எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். 1997ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் வெளியிட்டார்கள். ஒன்று ஆட்டுப் புழுக்கை மாதிரி, நான்கு வழவழப்பானது, ஏழு வெறும் தண்ணீர். வர்ணிக்க வாய் வரவில்லையா, எண்ணை மட்டும் சொல்லுங்கள்.