சிவப்பு மருந்தும் எக்கோ ரிப்போர்ட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் பெண்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளைப் பிரித்துப் படித்தேன். முடி, வாந்தி, வாய்க்கசப்பு ஆகியவைதான் பக்கம் பக்கமாக வருகின்றன. காய்ச்சலும் மூச்சிரைப்பும் கடிதத்தின் கடைசி வரியில், "அப்புறம் இன்னொன்று டாக்டர்" என்று ஒட்டிக்கொண்டு வருகின்றன. நான் இதய மருத்துவன். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களின் இதயத்தைப் பார்ப்பது என் வேலையில் பெரும்பகுதி. ஆகவே அந்தக் கடைசி வரிகளைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

என் மாமியாருக்கு 58 வயது. இரண்டாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் இரவு 101 டிகிரி காய்ச்சல். மாத்திரை கொடுத்தோம், விடிவதற்குள் இறங்கிவிட்டது. மறுநாள் மீண்டும் வந்தது. மழையில் நனைந்ததால்தான் என்கிறார் மாமனார். இதற்கெல்லாம் மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?
— வாசகி, பெரம்பூர்

போக வேண்டும். முதல் நாள் இரவே போயிருக்க வேண்டும். இந்தப் பதிலை நீங்கள் படிக்கும் வேளையிலும் அவருக்குக் காய்ச்சல் இருந்தால், படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

கீமோ கொடுத்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும் இரத்த வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அப்போது வரும் கிருமி பெரும்பாலும் மழையிலிருந்து வருவதில்லை. அவருடைய குடலிலும் வாயிலும் தோலிலும் ஏற்கெனவே குடியிருப்பதுதான். தடுக்க ஆளில்லாததால் இரத்தத்துக்குள் நுழைகிறது. சீழ், சளி போன்ற அடையாளங்களை உண்டாக்குவதும் அதே வெள்ளையணுக்கள்தான் என்பதால், அவை இல்லாதபோது காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். பாராசிட்டமால் அந்த ஒரே அறிகுறியையும் மறைத்துவிடுகிறது. மருத்துவரிடம் பேசாமல் அதைக் கொடுக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

100.4 டிகிரியைத் தொட்டால், மணி இரவு இரண்டானாலும், கீமோ கொடுத்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அது தொலைவு என்றால் அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108ஐ அழையுங்கள். உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம்: "கீமோ நடக்கிறது, இன்று ஒன்பதாம் நாள், காய்ச்சல்." வயது, ஊர், சர்க்கரை எல்லாம் பிறகு. போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பதுதான் இலக்கு. தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக்கொண்டு திரும்புவது இதற்கு ஈடாகாது. மழைக்காலச் சென்னையில் டெங்குப் பரிசோதனையும் செய்வார்கள். அதன் முடிவுக்காக ஆன்டிபயாடிக்கைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

வெள்ளையணுவைக் கூட்டும் ஊசி போட்டிருக்கிறார்களே என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். அந்த ஊசி ஆபத்தைக் குறைக்கிறது, நீக்குவதில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள்.

எனக்கு 46 வயது, இதயக் கோளாறு எதுவும் கிடையாது. ஆனாலும் கீமோ தொடங்கும் முன் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். ஈ.சி.ஜி. நன்றாக இருக்கும்போது எக்கோ எதற்கு? சிவப்பு மருந்து ஏற்றிய அன்று சிறுநீரும் சிவந்துவிட்டது. பயமாக இருக்கிறது.
— வாசகி, மயிலாப்பூர்

சிறுநீரை முதலில் முடித்துவிடுகிறேன். அது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். அதற்குப் பிறகும் சிவப்பாக இருந்தாலோ, எரிச்சலோ இரத்தக்கட்டியோ தெரிந்தாலோ மட்டும் சொல்லுங்கள். உடன் கொடுக்கும் சைக்ளோபாஸ்ஃபமைடு சிறுநீர்ப்பையை உறுத்தக்கூடியது.

அந்தச் சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். அதன் வணிகப் பெயரான அட்ரியாமைசின் இத்தாலியை ஒட்டிய அட்ரியாடிக் கடலிலிருந்து வந்தது. அந்நாட்டில் ஒரு பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்துதான் இந்த மருந்துக் குடும்பம் பிறந்தது. சிவப்பு அந்த உயிர் கொடுத்த நிறம். அரை நூற்றாண்டாக இதற்கு இணையான மாற்று எளிதில் கிடைக்கவில்லை என்பதால்தான், இதயத்துக்குச் சிக்கல் தரும் என்று தெரிந்தும் பயன்படுத்துகிறோம்.

அந்தச் சிக்கல் மொத்த அளவைப் பொறுத்தது. உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 60 மில்லிகிராம் வீதம் நான்கு முறை என்பது மார்பகப் புற்றுநோயில் வழக்கமான கணக்கு, மொத்தம் 240. பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2003இல் வெளியான கணக்கின்படி, மொத்த அளவு 400ஐ எட்டும்போது ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு வந்தது. 550இல் அது 26 சதவீதம். மேலே போகப்போகச் சரிவு செங்குத்தாகிறது. நீங்கள் அந்த மேட்டுக்குக் கீழேதான் நிற்கிறீர்கள். ஆனாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, 65க்கு மேற்பட்ட வயது, முன்பே மார்பில் கதிர்வீச்சு பெற்றிருப்பது ஆகியவை இருந்தால் குறைந்த அளவிலேயே பாதிப்பு வரலாம்.

ஈ.சி.ஜி. இதயத்தின் மின்னோட்டத்தைக் காட்டும். பம்ப் எவ்வளவு வலுவாக அடிக்கிறது என்பதை, இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனான எக்கோதான் காட்டும். தொடங்கும்போது எடுத்த எக்கோ இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் எண் குறைந்த எண்ணா, உங்களுக்கு எப்போதுமே இருந்த எண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் கையில் இருப்பது இரத்த அழுத்தம். அதைக் கட்டுக்குள் வைத்திருப்பதைவிட எளிய இதயப் பாதுகாப்பு இந்தச் சிகிச்சையில் வேறில்லை. இன்னொன்று: மருந்து ஏறும்போது கையில் எரிந்தால் அந்தக் கணமே நர்ஸிடம் சொல்லுங்கள். நரம்புக்கு வெளியே கசிந்தால் இந்த மருந்து சதையைப் புண்ணாக்கிவிடும். "தொந்தரவு செய்ய வேண்டாமே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஹெர்-2 பாசிட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த புற்றுநோய் வகை) என்பதால் மனைவிக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிராஸ்டுஸுமாப் ஊசி. தொடக்கத்தில் இ.எஃப். 62. இப்போது வீட்டுக்குப் பக்கத்து லேபில் எடுத்ததில் 55. ஊசியை நிறுத்திவிடலாமா?
— வாசகர், குரோம்பேட்டை

நிறுத்த வேண்டாம். ஊசி போடும் நாளைத் தவறவிடவும் வேண்டாம்.

இ.எஃப். என்பது, இடது கீழறையில் நிரம்பிய இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்ற அளவு. 55 இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. சாதாரண எக்கோவில் ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலே ஐந்து, ஆறு புள்ளி வேறுபடும்; நீங்கள் லேபையும் மாற்றிவிட்டீர்கள். இந்த ஏழு புள்ளியில் எவ்வளவு இதயத்துடையது, எவ்வளவு எந்திரத்துடையது என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. முதல் எக்கோ எடுத்த அதே இடத்தில், முடிந்தால் அதே மருத்துவரிடம், பழைய ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து மீண்டும் எடுங்கள்.

ஸ்ட்ரெய்ன் என்ற அளவையும் கேட்டு வாங்குங்கள். இதயத் தசை எவ்வளவு சுருங்குகிறது என்பதைக் கணினி கணக்கிடும் முறை இது, இ.எஃப். விழுவதற்கு முன்பே இதில் மாற்றம் தெரியலாம். மைனஸ் 20 என்று இருக்கும். மைனஸைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் எழுதப்படும். அந்த 20 என்பது 17க்கும் கீழே குறைந்தால், அதாவது முந்தைய அளவில் 15 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம்.

இ.எஃப். பத்துப் புள்ளிக்கு மேல் குறைந்து, 50க்கும் கீழே போனால்தான் ஊசியைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி யோசிப்போம். அப்போதும் இதய மருந்துகள் கொடுத்து, சில வாரம் கழித்து எக்கோ பார்த்து, தேறியிருந்தால் மீண்டும் தொடங்குவதுதான் வழக்கம். சிவப்பு மருந்து இதயச் செல்லையே அழிக்கும். இந்த ஊசி அப்படியில்லை. இதயத் தசையிலும் ஹெர்-2 ஏற்பிகள் உண்டு. செல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள உதவுபவை. ஊசி அவற்றையும் அடைப்பதால் தசை சோர்ந்துபோகிறது. பெரும்பாலானோருக்கு அது மீள்கிறது.

ஓராண்டு சிகிச்சையில் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ என்பது பொது விதி. மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 சதவீதம் ஹெர்-2 வகை. ஒரு காலத்தில் மிக மோசமாகக் கருதப்பட்ட அந்த வகையின் போக்கையே மாற்றிய மருந்து இது. ஒரு லேப் எண்ணை வைத்து வீட்டில் முடிவெடுத்து அதைக் கைவிடாதீர்கள்.

அக்காவுக்கு நான்கு கீமோ முடிந்திருக்கிறது. இரண்டாம் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. "கீமோ என்றால் அசதி இருக்கும்தான், நன்றாகத் தண்ணீர் குடிக்கச் சொல்" என்கிறார்கள் எல்லாரும்.
— வாசகர், அம்பத்தூர்

இந்த மாதம் வந்ததில் என்னை அதிகம் கவலைப்படுத்திய கடிதம் இது. அசதி எல்லாருக்கும் உண்டு. ஆனால் மூச்சு வாங்குவதை அசதிக் கணக்கில் எழுதக் கூடாது.

இரவில் எப்படிப் படுக்கிறார் என்று கேளுங்கள். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதா, ஒரு தலையணை இரண்டாகிவிட்டதா, நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறாரா? ஆம் என்றால் இதயம் என்று எண்ணிக்கொண்டு, அடுத்த கீமோ தேதிக்குக் காத்திராமல் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். மூன்று நான்கு நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். அந்த நிலையில் "நன்றாகத் தண்ணீர் குடி" என்பது கேடு செய்யும் அறிவுரை.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலி இருந்தால் அங்கே இரத்தம் உறைந்திருக்கலாம். புற்றுநோயிலும் கீமோவிலும் அதற்கு வாய்ப்பு கூடுதல். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சுத் திணறும், நெஞ்சு வலிக்கும். அதற்கு 108தான்.

இரத்தசோகையாலும் மூச்சு வாங்கும். டோசிடாக்ஸல் என்ற கீமோ மருந்தாலும் கால் வீங்கும். இவை எளிதில் கையாளக்கூடியவை. எது என்பதை ஹீமோகுளோபின், எக்கோ, இதய அழுத்தத்தைக் காட்டும் ஓர் இரத்தப் பரிசோதனை ஆகியவை ஒரே நாளில் சொல்லிவிடும். ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இளநீர் குடிக்கலாமா? பப்பாளி இலைச் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம் குடித்தால் அணுக்கள் கூடும் என்று வாட்ஸ்ஆப்பில் வருகிறதே?
— வாசகி, ஆவடி

இளநீர் கண்ணெதிரே சீவியதாக இருந்தால் குடிக்கலாம். கத்திரி வெயிலில் நல்லதுதான். இதயத்துக்காக எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்கள் மட்டும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம்.

இலைச் சாறுகள் வேண்டாம். பச்சைச் சாற்றில் கிருமி இருக்கலாம், கஷாயத்தில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அளவு கிடையாது, கீமோ மருந்தை உடைக்கும் அதே கல்லீரல்தான் இதையும் உடைக்க வேண்டும். சித்த மருத்துவம் எடுக்க விரும்பினால் எடுப்பதை மறைக்காமல் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றபடி வீட்டில் சமைத்ததைச் சூடாகச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்து விற்கும் பழமும் கடற்கரைச் சுண்டலும் சிகிச்சை முடிந்த பிறகு.

வாரா வாரம் பாக்லிடாக்ஸல் என்ற கீமோ. விரல் நுனி மரத்துக் கோலப்பொடி பிடிக்க வரவில்லை. நரம்புக்கு வைட்டமின் மாத்திரை கடையில் வாங்கிச் சாப்பிடுகிறேன்.
— வாசகி, தாம்பரம்

அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அசிடைல் எல் கார்னிடின் இருந்தால் உடனே நிறுத்துங்கள். இதே வகைக் கீமோ எடுத்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் சோதித்தபோது அது மரமரப்பை அதிகமாக்கியது. பி6 அளவுக்கு மீறினாலும் அதுவே நரம்பைக் கெடுக்கும். அடுத்த ஊசிக்கு முன் மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைப்பதா, இடைவெளி விடுவதா என்று பார்ப்பார். பொத்தான் போட முடியவில்லை, செருப்பு கழன்றது தெரியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தேவையான தகவல். மே மாதத்தில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சுடுவது தெரியாது, கொப்புளம்தான் தெரியும்.

கீமோ போட்ட இரண்டு நாளும் சர்க்கரை 300க்கு மேல் போகிறது. அரிசியை அடியோடு நிறுத்திவிட்டேன்.
— வாசகி, வேளச்சேரி

அரிசி பாவம். வாந்தியும் ஒவ்வாமையும் வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான் காரணம். அந்த நாட்களுக்கு மட்டும் சர்க்கரை மருந்தையோ இன்சுலினையோ மாற்றிக் கொடுப்பார்கள். பட்டினி கிடக்காதீர்கள்.

முடி எப்போது முளைக்கும்?
— வாசகி, திருவொற்றியூர்

கடைசிக் கீமோ முடிந்த சில வாரங்களில் பூனை முடிபோல் தொடங்கும். சுருட்டையாகவோ நிறம் மாறியோ வந்தால் வியக்க வேண்டாம், பெரும்பாலும் பிறகு பழையபடி ஆகிவிடும்.

சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டாகிறது. இடது பக்கம் கதிர்வீச்சும் பெற்றேன். இனியும் எக்கோ தேவையா?
— வாசகி, அண்ணா நகர்

சிவப்பு மருந்தோ டிராஸ்டுஸுமாபோ பெற்றவர்களுக்குச் சிகிச்சை முடிந்து ஓராண்டில் ஒரு எக்கோ அவசியம். அதை எடுக்காமல் விட்டிருந்தால் இப்போது எடுங்கள். அது நன்றாக இருந்தால், அறிகுறி இல்லாத வரை அடிக்கடி எடுக்கத் தேவையில்லை. எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை என்பதை உங்கள் மருந்து அளவும் வயதும் முடிவு செய்யும். இடது பக்கக் கதிர்வீச்சில் இதயமும் ஓரளவு கதிரைப் பெற்றிருக்கும். அதன் விளைவு பல ஆண்டு கழித்து இரத்தக் குழாய் அடைப்பாக வரலாம் என்பதால் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் ஆண்டுதோறும் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடித்திருக்கும்போது கதிரைச் செலுத்தி இதயத்தை விலக்கி வைக்கும் முறை இப்போது சென்னையில் பல மையங்களில் உள்ளது. சிகிச்சை தொடங்கப்போகிறவர்கள் அதைக் கேட்டுப் பெறலாம்.

மருத்துவமனையிலிருந்து ஒரு சுருக்கக் குறிப்பு வாங்கி வைத்திருக்கிறீர்களா? டாக்ஸோரூபிசின் மொத்தம் எத்தனை மில்லிகிராம், எந்தப் பக்கம் எத்தனை முறை கதிர்வீச்சு, கடைசி இ.எஃப். எவ்வளவு என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். வேறு எந்த நோய்க்காக, எந்த ஊரில், எந்த மருத்துவரைப் பார்த்தாலும் முதலில் அதை நீட்டுங்கள்.