டி-ஷர்ட் அச்சுத் தொழில்: குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

தக்கலைக்கு அருகில் 14 ஆண்டுகளாகச் சிறிய அச்சுக்கூடம் ஒன்றை நடத்திவருகிறேன். டி-ஷர்ட் வடிவமைத்து அச்சிடும் தொழிலைத் தொடங்க விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து கருங்கலில் இருக்கிறேன், ஐயா. கையில் 4 லட்சம் ரூபாய் உள்ளது. டி.டி.எஃப். இயந்திரம் வாங்குவதா, ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை போடுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிரேம், அதாவது படம் பதித்த வலைச் சட்டம், தயாரிக்க வேண்டும். ஒரே படத்தை ஒன்றிரண்டு நிறங்களில் 200 சட்டைகளுக்கு அடிக்கும்போது இதைவிட மலிவான முறை கிடையாது. ஆனால் பத்துச் சட்டைகளுக்காக நான்கு பிரேம் போட்டால் கூலிகூடத் தேறாது. டி.டி.எஃப். முறையில் படத்தை முதலில் ஒரு பிளாஸ்டிக் படலத்தில் அச்சிட்டு, மை ஈரமாக இருக்கும்போதே பசைப்பொடியைத் தூவி, அதைச் சூட்டில் உருக்கி, பிறகு சூட்டோடு அழுத்தும் ஹீட் பிரஸ்ஸில் வைத்துத் துணியில் ஒட்டுகிறோம். இதில் எத்தனை நிறம் இருந்தாலும் செலவு ஒன்றுதான், ஒரே ஒரு சட்டைக்குக்கூட அடிக்கலாம். இயந்திரத்தை விற்பவர்கள் உங்களிடம் சொல்வது இவ்வளவுதான். அந்த இயந்திரத்தில் ஓடும் வெள்ளை மையில் உள்ள நிறமி கனமானது, அசையாமல் நின்றால் அடியில் படிந்துவிடும் என்பதையும், வேலை இருக்கிறதோ இல்லையோ நாள்தோறும் இயந்திரத்தை ஓட்டாவிட்டால் மையைத் தெளிக்கும் மைத்தலை அடைத்துக்கொள்ளும் என்பதையும் அவர்கள் மெதுவாகத்தான் சொல்வார்கள். ஆர்டர் இல்லாத நாளிலும் தீனி கேட்கிற மாடு அது.

எனவே முதல் ஆறு மாதங்களுக்கு ஒரு ஹீட் பிரஸ் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தை வடிவமைத்து, டி.டி.எஃப். படலத்தை மீட்டர் கணக்கில் அச்சிட்டுத் தருகிறவர்களிடம் கொடுத்து வாங்கி, உங்கள் வீட்டிலேயே பிரஸ் செய்துகொள்ளலாம். ஸ்கிரீன் வேலை வந்தால் ஏற்கெனவே பட்டறை வைத்திருப்பவரிடம் கூலிக்குக் கொடுத்துவிடலாம். இந்த ஆறு மாதங்களில் வந்த ஆர்டர்களை ஒரு நோட்டில் எழுதிவைத்தால், எந்த இயந்திரம் வாங்குவது என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.

வெற்று டி-ஷர்ட்களைத் திருப்பூரில் நேரடியாக வாங்கலாமா? துணி நல்லதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். ஆனால் முதல் முறை நேரில் போய்த் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு பேருந்துப் பார்சலிலோ லாரி சர்வீஸிலோ வரவழைத்துக்கொள்ளலாம்.

கடைக்காரர் 180 ஜி.எஸ்.எம். என்று சொன்னால், ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது பொருள். இதைச் சோதிக்கத் தனிக் கருவி உண்டு என்றாலும், தேவை ஒரு கத்தரிக்கோலும் நகைக்கடைத் தராசு போன்ற சிறிய தராசும்தான். ஒரு சாம்பிள் சட்டையின் முதுகுப் பகுதியில் 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி எடுத்து நிறுத்து, வரும் கிராமை 100ஆல் பெருக்குங்கள். 1.8 கிராம் இருந்தால் அவர் சொன்னது சரி, 1.55 இருந்தால் 155 ஜி.எஸ்.எம். துணிக்கு நீங்கள் 180இன் விலையைக் கொடுக்கப்போகிறீர்கள். குமரியின் புழுக்கத்துக்கு 160 முதல் 180 வரை போதும். 240 ஜி.எஸ்.எம். ஓவர்சைஸ் சட்டைகளைக் கல்லூரி மாணவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் நம் மீனமாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கே வியர்க்கிறது.

அடுத்ததாக, இன்னொரு சாம்பிளின் நீள அகலத்தை அளந்து குறித்துக்கொண்டு, வெந்நீரில் துவைத்து நிழலில் உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் சுருங்கினால் அந்தச் சரக்கு வேண்டாம். பக்கத்தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் திரும்புகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கிலோ கணக்கில் விற்கும் ஏற்றுமதி மிச்சச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். சில்லறை விற்பனைக்கு அது சரி, குழு ஆர்டருக்கு ஆகாது. கருப்பு என்று வாங்கிய 50 சட்டைகளில் 20 ஒரு ஷேடும் 30 வேறொரு ஷேடுமாக இருப்பது, அனைவரும் வரிசையாக நின்று புகைப்படம் எடுக்கும்போதுதான் தெரியவரும்.

தூத்தூர்ப் பக்கம் எங்கள் கால்பந்துக் குழுவுக்கு ஜெர்சி அடித்தோம், அண்ணா. சிவப்பு ஜெர்சியில் வெள்ளையாக அடித்த எண்கள் ஒரு வாரத்தில் ரோஸ் நிறமாகிவிட்டன. மை மட்டமா?

மையில் குறை இல்லை, தம்பி. ஜெர்சித் துணி பாலியஸ்டர். அதில் ஏற்றியிருக்கும் சாயம் அதிகச் சூடு பட்டால் ஆவியாகி மேலெழும்பி, மேலே ஒட்டியிருக்கும் வெள்ளைக்குள் புகுந்துவிடும். சிவப்பும் மெரூனும் இந்த வேலையை அதிகமாகச் செய்யும். பருத்திக்குப் போல 160 டிகிரியில் அழுத்தியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். குறைந்த சூட்டில் ஒட்டும் படலத்தையும், சாயம் ஊடுருவாமல் தடுக்கும் கருநிறப் பசைப்பொடியையும் கேட்டு வாங்க வேண்டும்.

அதைவிட நல்ல வழி சப்ளிமேஷன். சாயம் ஆவியாகும் அதே குணத்தை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் முறை அது. வெள்ளைப் பாலியஸ்டர் துணியின்மேல், காகிதத்தில் அச்சிட்ட முழு வடிவத்தையும் 190 முதல் 200 டிகிரிச் சூட்டில் ஏற்றி, அதற்குப் பிறகு வெட்டித் தைக்கிறார்கள். நிறம் நூலுக்குள்ளேயே இறங்கிவிடுவதால் உரியாது, வெடிக்காது, கைக்கும் தட்டுப்படாது. பருத்தியில் இந்த முறை பிடிக்காது. கறுப்புத் துணியில் தெரியவும் தெரியாது.

வள்ளவிளை முதல் குளச்சல் வரை கடற்கரையில் கால்பந்து ஓயாத ஊர்கள் இருப்பதால், ஜெர்சியை மட்டும் நம்பியே ஒருவர் தொழில் நடத்தலாம். ஆனால் பெயர், எண், அளவு மூன்றையும் குழுத் தலைவரே எழுதிக் கையெழுத்திட்ட பட்டியல் கைக்கு வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். போட்டிக்கு முந்தின நாள் இரவு "அந்த 7 எனக்கு, 10 அவனுக்கு" என்று தொலைபேசி வரும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தக் காகிதம்தான்.

தமிழில் வாசகங்கள் அடித்து விற்க ஆசை. ஏதாவது சிக்கல் வருமா?

வரும். எனக்கே வந்தது. ஒரு திருவிழாவுக்கு 60 சட்டைகள் அடித்தேன். கணினியில் வேறொரு மென்பொருளுக்கு மாற்றியபோது 'கொடியேற்றம்' என்ற சொல்லின் முதல் எழுத்தில் ஒற்றைக் கொம்பு ககரத்தைத் தாண்டிப் பின்னால் போய்க் காலோடு ஒட்டி நின்றதை நானும் பார்க்கவில்லை, ஆர்டர் கொடுத்த இளைஞர்களும் பார்க்கவில்லை. கட்டுப் பிரித்த இடத்தில் பெரியவர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாக வாசிக்க முயன்றபோதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த 60 சட்டைகளும் என் செலவில் மறுபடி அடிக்கப்பட்டன.

காரணம் எளியது. படவேலை மென்பொருள்கள் சிலவற்றில், இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்ததும் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். எனவே யூனிகோடில் தட்டச்சு செய்து, சரிபார்த்து, கோரல் டிரா போன்ற படவேலை மென்பொருளில் எழுத்துகளைக் கர்வ்ஸாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக, மாற்றிய பிறகே வெளியே அனுப்புங்கள். காகிதத்தில் ஒரு படி எடுத்து, அந்த வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் கவிவனர், மீரா இனிமை, பாலூ தம்பி, கேட்டமரன் போன்றவற்றை வணிகத்துக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

எங்கள் மகளிர் குழுவுக்குப் பள்ளி ஆண்டு விழாவுக்கான 30 சட்டைகள் ஆர்டர் வந்துள்ளது. வெற்றுச் சட்டை 150, அச்சு 70. நாங்கள் 250 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். 30 ரூபாய் லாபம் சரிதானே?

சகோதரி, அந்த 30 ரூபாய் உங்கள் கைக்கு வராது. சட்டை ஒன்றுக்குப் பார்சல் கூலி 6, பிரஸ் செய்பவரின் கூலி 15, உறை 4, மின்சாரமும் வாடகையும் 10 என்று வைத்துக்கொண்டாலும் அடக்கம் 255 ஆகிவிடுகிறது. முப்பதில் ஒன்று கோணலாக ஒட்டிப் பாழானால், அதற்கான சட்டை, அச்சு, பார்சல் செலவான 226 ரூபாயையும் மீதி 29 சட்டைகள்தான் சுமக்க வேண்டும். அது தலைக்கு 8 ரூபாய். 263 ரூபாய் அடக்கமுள்ள பொருளை 250க்குக் கொடுக்கப்போகிறீர்கள். குழு உறுப்பினர்களே உழைப்பதால் கூலியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிப் போட்ட விலையை, நாளைக்கு வேலைக்கு ஆள் வைக்கும்போது உயர்த்த முடியாது. 340க்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதீர்கள். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிய பிறகே சரக்கு எடுங்கள். கடனுக்குச் சட்டை கொண்டுபோன ஒரு மன்றத்திடம் மூன்று கிறிஸ்துமஸாக நான் பாக்கி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் இருக்கிறேன். வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைக்காரர்கள். ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா?

தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பதிவு கட்டாயமில்லை. வாடிக்கையாளரே கொண்டுவரும் துணியில் அச்சிட்டுக் கொடுப்பது சேவை. அதற்கு வரம்பு 20 லட்சம். ஆனால் களியக்காவிளையைத் தாண்டிச் சரக்கை அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் விற்பனை. பொருளைப் பொறுத்தவரை முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். நமக்குப் பக்கத்து ஊர், சட்டத்துக்கு அது வேறு மாநிலம். உங்கள் நிலையில் பதிவு செய்துவிடுவதே நல்லது. 22 செப்டம்பர் 2025 முதல், 2,500 ரூபாய் வரை விலையுள்ள ஆடைக்கு வரி 5 சதவீதம்தான்.

கடன், மானியம்?

நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குச் சென்று, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். திட்டச் செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. பெண்களுக்கும் கிராமப்புறத்துக்கும் கூடுதல். புதிய தொழிலுக்கு மட்டுமே இது கிடைக்கும் என்பதால், இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்காதீர்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை இணையத்தில் இலவசமாகச் செய்யலாம். அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கடை வைத்திருக்கிறேன். எந்தப் படங்களை அடிக்கலாம், எவற்றைத் தவிர்க்க வேண்டும்?

சினிமா நடிகர் முகம், கார்ட்டூன் பாத்திரம், விளையாட்டு அணிகளின் முத்திரை ஆகியவற்றை அனுமதியின்றி அடிக்காதீர்கள். எல்லாரும் அடிக்கிறார்களே என்பது நோட்டீஸ் வந்த பிறகு பதிலாகாது. நான்முகச் சிங்கச் சின்னத்துக்கு 1950ஆம் ஆண்டுச் சட்டமும், தேசியக் கொடியைத் துணியில் அச்சிடுவதற்கு 1971ஆம் ஆண்டுச் சட்டமும் தடையாக உள்ளன. மூவர்ண நிறங்களை வேறு வடிவத்தில் பயன்படுத்துங்கள், கொடியாக வரையாதீர்கள்.

133 அடி வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணையத்தில் எடுத்த புகைப்படத்திலிருந்து அடிப்பதைவிட, ஓவியம் தெரிந்த உள்ளூர் மாணவர் ஒருவரைக் கொண்டு கோட்டோவியமாக வரைந்து வாங்குங்கள். ஒரே நிறக் கோட்டோவியத்துக்கு ஒரு பிரேம் போதும். அச்சுச் செலவும் குறையும், பக்கத்துக் கடையில் அதே படம் இருக்கவும் இருக்காது. கட்டுமரம், பனை, வட்டக்கோட்டை, மாத்தூர்த் தொட்டிப்பாலம் ஆகியவற்றை இன்னும் யாரும் சரியாகத் தொடவில்லை என்பது என் எண்ணம்.

மழைக்காலத்தில் டி.டி.எஃப். பொடி கட்டி கட்டியாகிறது.

நமக்கு இடவப்பாதியும் துலாமழையும் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். பொடியையும் படலத்தையும் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். துணியிலும் ஈரம் ஏறியிருக்கும். படத்தை வைப்பதற்கு முன் வெறும் சட்டையை ஐந்து வினாடி பிரஸ்ஸில் அழுத்தினால் ஆவி வெளியேறிவிடும். ஸ்கிரீன் வைத்திருப்பவர்கள், ஒளி பட்டால் இறுகும் எமல்ஷன் பூசிய பிரேம் முழுவதும் காயும் முன் ஒளி காட்டினால், கழுவும்போது படம் தண்ணீரோடு போய்விடும்.

வாடிக்கையாளருக்குத் துவைக்கும் முறையைச் சொல்ல வேண்டுமா?

ஒரு சீட்டில் அச்சடித்து உறைக்குள் வைத்துவிடுங்கள்: முதல் 24 மணி நேரம் துவைக்கக்கூடாது, உட்புறத்தை வெளியே திருப்பித் துவைக்க வேண்டும், கல்லில் அடிக்கக்கூடாது, படத்தின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்கக்கூடாது. எங்கள் கடையில் புகார் சொல்லிக்கொண்டு திரும்பி வரும் சட்டைகளில் பெரும்பாலானவற்றின் படத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருக்கிறது.