நவம்பரில் பந்தயம், அக்டோபரில் குழந்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். வயது 34. இரண்டு வருடமாக, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் பயிற்சி செய்துவருகிறேன். நவம்பர் இரண்டாம் வாரம் கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்குப் பணம் கட்டிவிட்டேன். அதன் பிறகுதான் மனைவி கருவுற்றிருப்பது தெரிந்தது. அக்டோபர் நடுவில் பிரசவத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வளைகாப்பு. அது முடிந்ததும் அவள் கரூரில் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள் என்பதால் எனக்குப் பயிற்சிக்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும். அலுவலகத்தில் இரண்டு வார விடுப்பு உண்டு. ஒரு வாரத்தைப் பிரசவத்துக்கும் இன்னொரு வாரத்தைக் கோவாவுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். அவளும் அரை மாரத்தான் ஓடியவள்தான், ஐந்தாம் மாதத்தோடு நிறுத்திவிட்டாள். “நீங்க போயிட்டு வாங்க” என்றுதான் சொல்கிறாள். குழந்தை பிறந்து ஒன்றரை ஆண்டில் அமெரிக்க வீராங்கனை செல்சி சொடாரோ ஹவாயின் கோனாவில் முழு நீள அயர்ன்மேன் உலகப் பட்டம் வென்றதைப் படித்த பிறகு எனக்கு நம்பிக்கை கூடியிருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு இதில் வருத்தம். பயிற்சியாளரோ, இப்போது விட்டால் இரண்டு வருட உழைப்பும் வீண் என்கிறார். நீங்களும் இந்த விளையாட்டில் இருப்பவர் என்பதால் கேட்கிறேன். இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோக முடியுமா?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

இந்த ஆண்டு கோவாவுக்குப் போக வேண்டாம் என்பதே என் பதில். பயிற்சியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை இன்னும் சில மாதங்களுக்கு மிகச் சிறியதாக்கிக்கொள்ளலாம், அதனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு எதுவும் போய்விடாது என்று சொல்கிறேன்.

அயர்ன்மேன் 70.3இன் 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம் என்பது ஒரு நாள் வேலை. அதற்கு முந்தைய வாரங்களில் வீடு கொடுக்கும் விலை பயிற்சி அட்டவணையில் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை லாங் ரைடையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மாலையே டயருக்குக் காற்றடித்து, பாட்டில்களை நிரப்பி வைத்து, ஒன்பது மணிக்குள் படுத்தாக வேண்டும். நாலு மணிக்கு எழுந்து, சிறுவாணி சாலையிலோ பொள்ளாச்சி சாலையிலோ 80, 90 கிலோமீட்டர் மிதித்து, இறங்கிய கையோடு ஷூ மாற்றி அரை மணி நேரம் ஓடி, வீடு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் எழும்போது மாலையாகியிருக்கும். அட்டவணையில் இதற்கு நான்கு மணி நேரம் என்று எழுதியிருக்கும். வீட்டில் இருப்பவருக்கு அது சனி மாலையில் தொடங்கி ஞாயிறு மாலையில் முடிகிற காரியம். இதிலும் நவம்பர் இரண்டாம் வாரப் பந்தயத்துக்கு மிகக் கனமான வாரங்கள் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை வரும். குறித்த நாளுக்கு இரண்டு வாரம் முன்போ பின்போ பிரசவம் நிகழ்வது இயல்பு என்பதால், உங்கள் குழந்தை எந்த நாளில் பிறந்தாலும் அந்த வாரங்களுக்குள்தான் பிறக்கும்.

மனைவி கரூரில் இருப்பார், ஆகவே நேரம் கிடைக்கும் என்கிறீர்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நம் ஆண்கள் பலரும் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறோம், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த வழக்கம் பிள்ளை பெறுகிறவளுக்கு அம்மாவின் கையும் ஓய்வும் கிடைப்பதற்காக ஏற்பட்டது; கணவனுக்கு விடுமுறை தருவதற்காக அல்ல. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். பால் கொடுத்து முடித்ததும் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைக்கவும், துணி மாற்றவும், உங்கள் மனைவி மறுபடி கண்ணயரும்வரை ஏந்திக்கொண்டிருக்கவும் ஓர் ஆள் வேண்டும். அதை இரவு முழுவதும் வயதான மாமியார் ஒருவரே செய்ய வேண்டியதில்லை. நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு, தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. கிடைத்திருக்கும் இரண்டு வாரமும் பலருக்குக் கிடைக்காதவை. அவற்றில் ஒன்றைக்கூடக் கோவாவுக்குக் கொடுக்காதீர்கள்.

செல்சி சொடாரோவை நானும் வியக்கிறேன். ஆனால் 2022 அக்டோபரில் கோனாவில் 8 மணி 33 நிமிடத்தில் வென்ற அவர், 2021 மார்ச்சில் அந்தக் குழந்தையைப் பெற்றவர். விளையாட்டு அவருடைய தொழில். பிரசவத்துக்குப் பின் தன்னைப் பீடித்த கடும் பதற்றத்தைப் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக் 2012 லண்டன் ஒலிம்பிக் ட்ரையத்லானில் தங்கம் வென்று, 2013இல் தாயாகி, 2016 ரியோவில் வெள்ளி வென்றார். அந்த வெற்றிகள் குழந்தை பிறந்து ஒன்றரை ஆண்டும் மூன்று ஆண்டும் கழித்து வந்தவை. நீங்களோ நான்கு வாரக் குழந்தையை விட்டுவிட்டு மீராமர் கடற்கரையில் நிற்க நினைக்கிறீர்கள். அவர்கள் பிள்ளை பெற்றவர்கள்; அவர்கள் கதை உங்கள் வீட்டில் பொருந்துவது உங்கள் மனைவிக்குத்தான். உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது, அவரும் அரை மாரத்தான் ஓடியவர், ஐந்தாம் மாதத்தோடு நிறுத்திவிட்டார் என்று போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிதான். ஓடுகிற உடம்பை நிறுத்திவைத்திருப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். “நீங்க போயிட்டு வாங்க” என்று அவர் சொன்னது அன்பினால் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பணம் கட்டி, விடுப்பையும் பிரித்து வைத்த பிறகு கேட்டால் அவர் வேறென்ன சொல்ல முடியும்?

பயிற்சியாளரின் வாதத்துக்கு வருகிறேன். முற்றிலும் ஓய்ந்துவிட்டால் உடல்திறன் சில வாரங்களிலேயே சரியத் தொடங்கும் என்பது உண்மை. குறைத்துக்கொள்வது வேறு. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் இதைச் சோதித்தார்கள். வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயின்றவர்களை, அடுத்த 15 வாரத்துக்குக் குறைத்துப் பயிலவைத்தார்கள். வாரத்துக்கு 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும், நாளுக்கு 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும் உச்ச ஆக்சிஜன் கொள்திறன், அதாவது கடும் உழைப்பில் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன் அளவு, அப்படியே நின்றது. தீவிரத்தைக் குறைத்தவர்களுக்குத்தான் அது இறங்கியது. 13 நிமிடக் குழுவில் நெடுநேரம் தாங்கும் திறன் ஓரளவு குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோவா கேட்பது அந்தத் திறனைத்தான், ஆகவே இந்த ஆண்டே குறைந்த பயிற்சியில் பந்தயத்தையும் முடித்துவிடலாம் என்று இதை வாசித்துவிடாதீர்கள். இரண்டு வருட உழைப்பு வீண் என்பது மட்டும் சரியில்லை.

எனவே, வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு நாற்பது நிமிடம் போதும். இரண்டை மூச்சு வாங்கும் தீவிரத்தில் செய்யுங்கள். நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னர் கருவியில் சைக்கிளை மாட்டி வீட்டுக்குள்ளேயே மிதியுங்கள். இரவெல்லாம் விழித்துவிட்டு இருட்டில் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில் ஓட்டுவது ஆபத்து, இதில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். ஓட்டத்துக்கு ஷூ இருந்தால் போதும், கரூருக்கும் கொண்டுபோகலாம். நீச்சல் கொஞ்சம் மங்கும், பரவாயில்லை, நீரைக் கையால் பற்றித் தள்ளும் லாவகம் சில வாரங்களில் திரும்ப வரும். தூங்கக் கிடைத்த நேரத்தில் பயிற்சியா தூக்கமா என்ற கேள்வி எழுந்தால் தூங்குங்கள். கட்டிய பணத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்ற விதிகளில் இடமிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் போகட்டும்.

உங்கள் மனைவியின் ஓட்டத்துக்கும் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும். பிரிட்டனின் இயன்முறை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பிரசவத்துக்குப் பின் குறைந்தது 12 வாரமாவது ஓட வேண்டாம் என்றும், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகளைப் பரிசோதித்துக்கொண்ட பிறகே தொடங்கலாம் என்றும் சொல்கிறது. அறுவை சிகிச்சை என்றால் இன்னும் கூடுதல் பொறுமை வேண்டும். அதற்கு ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டை நீங்களே தேடி வையுங்கள். உங்கள் மனைவி முதலில் நடக்கவும், பிறகு மெல்ல ஓடவும் ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குக் கிளம்பும் காலைகளில் குழந்தை உங்களிடம் இருக்க வேண்டும். கோவை மாரத்தான் டிசம்பரில் நடக்கிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருக்கும். அவருக்கு விருப்பமும் மருத்துவரின் சம்மதமும் இருந்தால் அதில் அரை மாரத்தானுக்கு அவர் பெயரைப் பதிவுசெய்துவிட்டு, அதன் பிறகு கோவாவைப் பற்றி இருவரும் பேசி முடிவெடுங்கள். அவருடைய நீண்ட ஓட்டங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வரும். அந்த ஞாயிறுகளில் பாதியையாவது உங்கள் அட்டவணையில் காலியாக விட்டுவையுங்கள்.