வீசிங் அடங்கிய மறுநாள்

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. இந்த ஆண்டில் மட்டும் மூன்று தடவை நடுச்சாமத்தில் வீசிங் கூடி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் மருந்துப் புகை பிடித்து, மூன்று நாளைக்கு பிரெட்னிசொலோன் குளிசை தந்து, இரண்டு நாளுக்குள் ஒருமுறை காட்டும்படியும், பிறகு கிளினிக்குக்கு வரும்படியும் எழுதி அனுப்புகிறார்கள். மறுநாளே பிள்ளை ஓடி விளையாடத் தொடங்கிவிடுகிறான். கணவருக்கும் லீவு கிடைப்பதில்லை. அதனால் நாங்கள் போகவில்லை. கபில நிறப் பம்ப் ஒன்றும் தந்தார்கள். பம்ப் பழகினால் விட முடியாது, வளர்த்தியும் நின்றுவிடும் என்று மாமியார் சொன்னதால் அதை நிறுத்திவிட்டேன். நான் செய்தது பிழையா?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, மூன்று இரவும் நேரம் கடத்தாமல் பிள்ளையைக் கொண்டுபோனீர்களே, அது மிகச் சரியான செயல். ஆனால் மறுநாள் அவன் ஓடி விளையாடுவதைப் பார்த்து வருத்தம் தீர்ந்துவிட்டதென்று எண்ணியதில்தான் நான்காவது இரவுக்கான வழி திறந்து கிடக்கிறது.

இழுப்பு வரும்போது மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்குகிறது. சளியும் சேர்ந்து அடைக்கிறது. புகையாகக் கொடுக்கும் சல்பியூட்டமோல் சில நிமிடங்களிலேயே தசையைத் தளர்த்திவிடுவதால் பிள்ளைக்கு மூச்சு வருகிறது, முகம் தெளிகிறது. வீக்கமோ அந்த மருந்துக்கு அடங்குவதில்லை. அது வடிய நாட்கள், சிலருக்கு வாரங்கள்கூட ஆகும். அந்த இடைவெளியில் ஒரு தடிமன் வந்தாலோ, பக்கத்து வீட்டில் குப்பை எரித்தாலோ குழாய் மறுபடியும் இறுகிவிடும். சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டல்கள், இழுப்புக்காகச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பிள்ளையை ஒன்று இரண்டு வேலைநாட்களுக்குள் ஒரு வைத்தியர் மறுபடி பார்க்க வேண்டுமென்று சொல்வது இதனால்தான். அந்த முதற்பார்வைக்குப் பெரிய வைத்தியசாலைக்கே போக வேண்டுமென்பதில்லை. நோய் நிர்ணய அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப வைத்தியரிடம் மாலையில் காட்டினாலும் போதும். கணவருக்கு லீவு இல்லையென்றால் மாமியாரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவர் கேள்விகளுக்கு வைத்தியர் நேரில் பதில் சொல்வது நான் இங்கே எழுதுவதைவிடப் பயன் தரும்.

அங்கே நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பது ஒரு சிறு பகுதிதான். இரவில் இருமுகிறானா, சல்பியூட்டமோல் அடங்கிய நீலப் பம்ப் எத்தனை மணிக்கொருமுறை தேவைப்படுகிறது, குளிசை முழுவதும் கொடுத்து முடிந்ததா என்று கேட்பார்கள். பம்பையும், அதில் பொருத்தி மருந்தை உள்ளிழுக்கும் குடுவையான ஸ்பேசரையும் கையோடு கொண்டுபோய், நீங்கள் கொடுக்கும் விதத்தை அவர்கள் முன்னிலையில் செய்து காட்டுங்கள். நான் கிளினிக்கில் இப்படிக் கேட்கும்போது, பெரும்பாலான தாய்மார் பம்பைக் குலுக்காமல் இரண்டு அழுத்துகளைச் சேர்த்து அடித்துவிட்டு, பிள்ளை முகத்தைத் திருப்பியதும் எடுத்துவிடுகிறார்கள். மருந்து ஸ்பேசரின் சுவரில் படிந்து வீணாகிறது. வீட்டிலோ "பம்ப் வேலை செய்யவில்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். குலுக்கி, ஒரே ஓர் அழுத்து அழுத்தி, பிள்ளை ஐந்தாறு தடவை சாதாரணமாக மூச்சு எடுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு அசைவது தெரியும். பிறகு அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி, அடுத்த அழுத்து. ஸ்பேசரைச் சவர்க்கார நீரில் கழுவி, துணியால் துடைக்காமல் காற்றிலே உலர விடுங்கள். துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கபில நிறப் பம்பில் இருப்பது பெரும்பாலும் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து. கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறுவதால் பெயரை வாசித்து உறுதிசெய்யுங்கள். உட்சுவரின் வீக்கத்தைத் தணித்து வைப்பது அதுதான். அதன் முழுப்பயன் தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்பதால், சுகமாக இருக்கும் நாளிலும் தவறாமல் கொடுக்க வேண்டும். போதைப்பொருள் போன்ற பழக்கம் அதில் ஏற்படாது. நிறுத்தினால் இழுப்பு திரும்புவது, தணிக்கப்படாத வீக்கம் மறுபடி மேலெழுவதால். வளர்த்தி பற்றிய மாமியாரின் பயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் பாவித்த பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானபோது உயரம் சராசரியாக ஏறத்தாழ 1 செ.மீ. குறைந்திருந்ததாக ஆய்வில் தெரியவந்தது உண்மை. ஆனால் பம்ப் மருந்து மைக்ரோகிராம் அளவில் நேரே குழாய்க்குப் போகிறது. அதுவும் ஸ்டீரொயிட்டான பிரெட்னிசொலோன் குளிசையோ மில்லிகிராம் அளவில் இரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவுகிறது. பம்பை நிறுத்திய உங்கள் மகன் இந்த ஆண்டில் அந்தக் குளிசையை மூன்று முறை உட்கொண்டுவிட்டான். மாமியார் அஞ்சும் ஸ்டீரொயிட்டை அதிகமாக உள்ளே செலுத்தியது எது என்று அவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பம்பைத் தந்த அளவில் மறுபடி தொடங்குவது பற்றி இந்த வாரமே வைத்தியரிடம் கேளுங்கள்; கொடுத்தபின் வாயைக் கொப்பளிக்கச் செய்தால் வாய்ப்புண் வருவது குறையும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: இழுப்பு வந்தால் என்ன செய்ய வேண்டுமென்று எழுதிய ஒரு தாள். ஒரு பிரதி குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும், இன்னொன்று வகுப்பு ஆசிரியையிடமும் இருக்கட்டும். இரவில் சந்தேகம் வந்தால் லைட்டைப் போட்டு, சட்டையை மேலே தூக்கிப் பாருங்கள். மூச்சு எடுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலும், தொண்டைக்குழியிலும் தோல் உள்ளே பதிந்தால், ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், நீலப் பம்பின் நிவாரணம் நான்கு மணி நேரம்கூட நில்லாவிட்டால், விடியும்வரை காத்திருக்காதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பிள்ளை சோர்ந்து துவண்டாலோ 1990 சுவசெரிய அம்புலன்சை அழைத்து, அது வந்து சேரும்வரை நீலப் பம்பை ஸ்பேசர் வழியே ஒவ்வோர் அழுத்தாக, 10 அழுத்துகள் வரை கொடுங்கள்.

நுளம்புத்திரியையும் சாம்பிராணியையும் அவன் தூங்கும் அறையிலிருந்து அகற்றுங்கள், வலை போதும். வீட்டில் யாராவது சிகரெட் புகைத்தால் அது வாசலுக்கு வெளியே என்றாலும் நிறுத்த வேண்டும். வாழைப்பழத்தையும் தயிரையும் நிறுத்தத் தேவையில்லை, அவற்றைச் சாப்பிட்டதும் அவனுக்கு இழுப்பு வருவதை நீங்களே கண்டிருந்தாலன்றி.

கேள்வி: 4 வயது மகளுக்கு அடிக்கடி வீசிங் வருவதால் வீட்டிலேயே மருந்துப் புகை பிடிக்கும் நெபுலைசர் இயந்திரம் வாங்கி வைக்கலாமா?
– ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

பதில்: அவசரப்பட வேண்டாம். சாதாரண, நடுத்தர இழுப்புக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர் வழியே கொடுக்கும் பம்ப் அந்த இயந்திரத்துக்குக் குறைந்ததல்ல; மின்சாரமும் வேண்டாம், முச்சக்கரவண்டியிலும் கொடுக்கலாம். இயந்திரம் வீட்டில் இருக்கும் பெற்றோர், இன்னுமொரு தடவை பிடித்துப் பார்ப்போம் என்று நேரத்தைக் கடத்தி, பிள்ளை மிகவும் களைத்த பின் கொண்டுவருவதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பேசர் ஒன்றும், பிள்ளையின் முகத்தில் காற்றுக் கசியாமல் பொருந்தும் முகமூடி ஒன்றும் வாங்குங்கள். முகமூடியை வாங்கும்போது மகளையும் கூட்டிச் சென்று, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிறதா என்று கடையிலேயே வைத்துப் பாருங்கள்.