எலெக்ட்ரான் கற்றையும் ரேடியோ அலையும்: கேள்வி பதில்

கேள்வி: வியாழனின் துருவப் பகுதியில் எலெக்ட்ரான் கற்றைகள் எழுப்பும் டெக்காமீட்டர் அலைகள் (பத்து மீட்டர் அளவு அலைநீளமுள்ள ரேடியோ அலைகள்) ஏன் 40 மெகாஹெர்ட்ஸ் அருகே நின்றுவிடுகின்றன?

பதில்: பிறக்கும் இடத்தின் காந்தப்புலம்தான் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. எலெக்ட்ரான் புலத்தைச் சுற்றிச் சுழலும் அதிர்வெண், அதாவது சைக்ளோட்ரான் அதிர்வெண், ஒரு காஸுக்கு (காந்தப்புல அலகு) 2.8 மெகாஹெர்ட்ஸ். 40 என்றால் சுமார் 14 காஸ்.

கேள்வி: அப்படியானால் அதிர்வெண்ணை வைத்தே கற்றையின் ஆற்றலையும் சொல்லலாமா?

பதில்: முடியாது. அது புலத்தை மட்டுமே சொல்லும்.

கேள்வி: கற்றையின் ஆற்றல் அலைக்கு எப்படிப் போகிறது?

பதில்: இதைத்தான் எதிர்பார்த்தேன். கற்றை துருவத்தை நோக்கி இறங்க இறங்கப் புலம் வலுக்கிறது. எலெக்ட்ரானின் முன்னோக்கிய வேகம் சுழலும் வேகமாக மாறுகிறது. வேகமாகச் சுழல்பவை, மெதுவாகச் சுழல்பவற்றைவிட அதிகமாகிவிடும். அந்த நிலையில் வரும் அலையை அவை உறிஞ்சாமல் பெருக்குகின்றன. இதுதான் சைக்ளோட்ரான் மேசர். சில கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலிலும் ஐன்ஸ்டைனின் சார்பியல் தரும் சிறு திருத்தத்தை விட்டுவிடக்கூடாது என்று 1979-இல் இயற்பியலாளர்கள் வூ, லீ இருவரும் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் கணக்கு சரியாக வந்தது.

ஒரு எச்சரிக்கை: பிளாஸ்மா அதிர்வெண் (மின்னேற்ற வாயுவான பிளாஸ்மாவின் எலெக்ட்ரான்கள் இயல்பாக அதிரும் அதிர்வெண், அடர்த்தியைப் பொறுத்தது) சைக்ளோட்ரான் அதிர்வெண்ணைவிட நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: இது சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சுதானே?

பதில்: இல்லை. அது ஒளிவேகத்தை நெருங்கும் எலெக்ட்ரான்கள் தனித்தனியே வீசுவது. வியாழனின் டெசிமீட்டர் அலைகள் அந்த வகை.

கேள்வி: பூமியின் துருவ ஒளியோடு வரும் ரேடியோவை வீட்டு ஆண்டெனாவில் கேட்கலாமா?

பதில்: முடியாது. சில நூறு கிலோஹெர்ட்ஸ், அயனிமண்டலம் தடுத்துவிடும். ஆண்டெனா கேள்விகளை அதைக் கட்டுபவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: சுழற்சி எதற்கு? புலத்தின் வழியே ஓடும் கற்றையே போதும். சூரியனின் மூன்றாம் வகை வெடிப்பு (வேகமான எலெக்ட்ரான் கற்றையால் வரும் ரேடியோ வெடிப்பு) அப்படித்தானே?

பதில்: நல்ல மறுப்பு. ஆனால் அங்கே கற்றை முதலில் லாங்மூர் அலைகளைத்தான் (பிளாஸ்மாவுக்குள் எலெக்ட்ரான்களின் அதிர்வு) எழுப்புகிறது. அவை பிளாஸ்மாவை விட்டு வெளியேறாது. வேறு அலைகளோடு கலந்து ரேடியோவாக மாற வேண்டும். அதிர்வெண்ணை அடர்த்தி தீர்மானிக்கிறது, புலம் அல்ல. கன சென்டிமீட்டருக்கு 10 கோடி எலெக்ட்ரான் இருந்தால் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ்.

கேள்வி: மேசர், மூன்றாம் வகை வெடிப்பு, இரண்டுக்கும் கற்றைதானே மூலம்? பிறகென்ன வேறுபாடு?

பதில்: மூலம் ஒன்றுதான், வழி வேறு. மேசர் அலை நேரடியாகத் தப்பிக்கும், வட்ட அல்லது நீள்வட்ட முனைவாக்கம் (அலையின் மின்புலம் ஒழுங்காகச் சுழல்வது) மிக வலுவாக இருக்கும். மூன்றாம் வகையில் முனைவாக்கம் பெரும்பாலும் பலவீனம். பதிவில் முனைவாக்கத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஆனாலும் மேசர் சிங்க்ரோட்ரான் போலத்தானே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: சூரியனில் மேசரே கிடையாதா?

பதில்: கரும்புள்ளிக்கு மேலே, புலம் வலுவாகவும் அடர்த்தி குறைவாகவும் இருந்தால் சாத்தியம். திரும்பவும் பிளாஸ்மா அதிர்வெண்ணுக்கும் சைக்ளோட்ரான் அதிர்வெண்ணுக்கும் உள்ள அதே விகிதம்தான். அதைக் கணக்கிடாமல் பெயர் வைக்காதீர்கள்.